வாயை மூடிக்கொண்டு பார்த்த வேலை

போன மாதம் சங்கத்திலிருந்து ஃபோன் வந்தது. பேச்சு வராதவர்களுக்குப் பதிலாகப் பேசுகிற டேப்லெட் ஒன்று வந்திருக்கிறது, வந்து பாருங்கள் ஸ்டெல்லாக்கா என்று கூப்பிட்டார்கள். போனேன். அதில் வரிசையாகப் படங்கள். சோற்றுப் படத்தைத் தொட்டால் "எனக்குப் பசிக்கிறது" என்கிறது. செய்தி வாசிக்கிற பெண்ணின் குரல். மரக்காணத்தில் பசித்தால் எவளும் அப்படிப் பேச மாட்டாள், "பசிக்குது, சோத்தப் போடு" என்றுதான் சொல்லுவாள். அதைச் சொன்னதும் அங்கே வேலை பார்க்கிற பிள்ளைகள் சிரித்தார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த நிஷா என்ற பெண், "இதெல்லாம் இல்லாதப்ப நீங்க எப்படிக்கா சமாளிச்சீங்க?" என்று கேட்டாள். டீ ஆறிப்போகிற வரைக்கும் சொன்னேன். போதவில்லையாம், எழுதிக் கொடுங்கள் என்று பிடித்துக்கொண்டார்கள். எழுதுகிறேன். எனக்குச் சுருக்கமாகப் பேசத் தெரியாது, எழுதவும் அப்படித்தான் வரும்.

என் வாய் ஊரறிந்த வாய். மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தால் முதலில் கேட்கிற சத்தம் என்னுடையது. மீன்காரியிடம் பேரம் பேசினால் பக்கத்துத் தெருவிலிருந்து வந்து நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அப்படிப்பட்டவளுக்கு ஆண்டவர் கொடுத்த வேலை என்ன தெரியுமா? வாயை மூடிக்கொண்டிருப்பது.

எங்கள் சங்கம் மாற்றுத்திறனாளிகள் தாங்களே கூடித் தாங்களே நடத்துகிற சங்கம். கூனிமேட்டிலிருந்து அனுமந்தை வரை கடலோர ஊர்களில் உறுப்பினர்கள் இருந்தார்கள். கைகால் நன்றாக இருக்கிற என்னைப் போன்றவர்கள் அங்கே வேலையாட்கள் மட்டும்தான். கூட்டத்தில் எங்களுக்குக் கடைசி வரிசை. யாராவது கேட்டால் பதில் சொல்லலாம், கேட்காமல் பேசக்கூடாது.

இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவர் ஜைத்தூன் அக்கா. கூனிமேட்டுக்காரர். சின்ன வயதில் போலியோ வந்து ஒரு கால் சூம்பிவிட்டது. அந்தக் காலில் இரும்புப் பட்டை, கையில் ஊன்றுகோல், பின்னால் கூடுதல் சக்கரம் வைத்த ஸ்கூட்டர். முக்காட்டைக் காதுக்குப் பின்னால் இறுக்கிச் செருகிக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் அவர் ஸ்கூட்டர் ஓட்டுவதைப் பார்த்தால் பஸ்காரனே ஒதுங்குவான். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபமெல்லாம் ஊன்றுகோலில்தான். தரையில் ஒரு தட்டு, டொக். அவ்வளவுதான், நான் கப்சிப்.

சேர்ந்த புதிதில் அந்தோணிசாமி அண்ணனைப் பேங்குக்குக் கூட்டிப் போனேன். அவருக்குக் கண் தெரியாது. கவுன்டரில் இருந்தவர் என்னைப் பார்த்து, "இவருக்கு என்ன வேணுமாம்?" என்றார். நான் மளமளவென்று எல்லாவற்றையும் சொல்லி வேலையை முடித்துக்கொண்டு பெருமையாகத் திரும்பி வந்தேன். ஜைத்தூன் அக்கா கேட்டார்.

"அந்த ஆளு யாரப் பாத்துக் கேட்டான்?"

"என்னப் பாத்துதான்க்கா."

"கணக்கு யாரோடது?"

"அந்தோணிசாமி அண்ணனோடது."

"அப்ப நீ மூஞ்சத் திருப்பிக்கணும் ஸ்டெல்லா. நீ பதில் சொன்னா அவன் நாளைக்கும் உன்னத்தான் கேப்பான். அண்ணனுக்குக் கண்ணுதான் தெரியாது. வாய் இருக்குது இல்ல?"

அன்றிலிருந்து யார் என்னைப் பார்த்துக் கேள்வி கேட்டாலும் நான் மேலே மின்விசிறியைப் பார்ப்பேன். தாலுகா ஆபீஸ், பேங்க், ஆஸ்பத்திரி, எல்லா இடத்து மின்விசிறியும் எனக்கு அத்துப்படி. எந்தெந்த ஆபீஸில் ஒட்டடை அடிப்பதில்லை என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன்.

பேச்சு வராதவர்களிடம் கேட்பதற்கு ஒரு முறை வைத்திருந்தார் ஜைத்தூன் அக்கா. அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், இப்போதைய பிள்ளைகளுக்கும் வேண்டியதுதான். முதலில் வீட்டு ஆட்களை வெளியே அனுப்ப வேண்டும். அவர்கள் பாயில் படுத்திருந்தால் நாமும் தரையில் உட்கார வேண்டும். கண்ணுக்கு நேரே கண் இருக்க வேண்டும். ஆமாம் என்பதற்கு என்ன செய்வார்கள், இல்லை என்பதற்கு என்ன செய்வார்கள் என்று தெரிந்துகொண்டு, அதைச் சோதிக்கத் தப்பான கேள்வி கேட்க வேண்டும். "உன் பேரு ஸ்டெல்லாவா?" என்று கேட்டு "இல்லை" வாங்க வேண்டும். பிறகுதான் விஷயம். எதைக் கேட்டாலும் நேராக ஒரு தடவை, திருப்பி ஒரு தடவை கேட்க வேண்டும். "போகிறாயா" என்று கேட்டால் பிறகு "இருக்கிறாயா" என்றும் கேட்க வேண்டும். இரண்டு பதிலும் பொருந்தினால்தான் கணக்கில் வரும். நடுவில் அவசரப்படுத்தக் கூடாது, நாமே முடித்து வைக்கக் கூடாது. எனக்கு இந்தக் கடைசி விஷயம் உயிர் போகிற வேலையாக இருந்தது.

இன்னொன்றும் உண்டு. வீட்டு ஆட்கள் "அவ இப்படிச் சொல்றா" என்று சொல்வதை ஏற்கக் கூடாது. ஒரு ஊரில் ஒரு தகப்பன், வாய் பேசாத மகள் தன் பங்கு வீட்டைத் தம்பிக்கே கொடுக்கச் சொல்கிறாள் என்று சத்தியம் பண்ணினான். அந்தப் பெண் அப்படி எதுவும் சொல்லவில்லை. அதிலிருந்து இந்த விஷயத்தில் அக்கா கல்லாகிவிட்டார்.

இனி அஞ்சலை கதைக்கு வருகிறேன். என் வேலைக் காலத்திலேயே என்னைத் தூங்கவிடாமல் அடித்தது இதுதான்.

மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டின தெருவில் இருந்தாள் அஞ்சலை. முப்பது வயது இருக்கும். பிறவியிலேயே மூளை முடக்குவாதம். கை கால் சொன்னபடி கேட்காது, தன் போக்கில் இழுக்கும். பேசுவாள். ஆனால் நாக்கும் தாடையும் ஒத்துழைக்காமல் வார்த்தையெல்லாம் குழைந்து ஒரே சத்தமாக வெளியே வரும். அறிவுக்கு ஒரு குறையும் கிடையாது, பார்க்கிற பார்வையிலேயே தெரியும். ஆமாம் என்றால் கண்ணை மேலே தூக்குவாள். இல்லை என்றால் இறுக்க மூடிக்கொள்வாள்.

அம்மா இருந்தவரை அம்மா பார்த்துக்கொண்டாள். அம்மா செத்த பிறகு அண்ணன் ஏழுமலையும் அவன் பெண்டாட்டி சுகந்தியும். இரண்டு பேரும் உப்பளத்துக் கூலிகள். வெயில் ஏறுவதற்கு முன்னால் உப்பை வாரியாக வேண்டும் என்பதால் கருக்கலிலேயே கிளம்பிவிடுவார்கள். போகும்போது அஞ்சலையை உள்ளே படுக்கவைத்துவிட்டு வெளியே பூட்டிவிட்டுப் போவார்கள். இந்தக் கரையில் அது புதிது இல்லை. நடக்க முடியாத ஆள் இருக்கிற உப்பளத்து வீடுகளில் கதவு பூட்டித்தான் கிடக்கும். நாய் நுழையும், குடிகாரன் நுழைவான் என்ற பயம். கொடுமை செய்ய வேண்டும் என்று யாரும் செய்வதில்லை, வேறு வழி தெரியாமல் செய்கிறார்கள்.

சுகந்திக்குக் குழந்தை பிறந்தது. அதோடு ஏழுமலை முடிவெடுத்துவிட்டான். எங்கோ தெற்கே ஒரு காப்பகம், அங்கே அஞ்சலையை விட்டுவிடுவது என்று. தகவல் கிடைத்ததும் ஜைத்தூன் அக்காவும் நானும் போனோம்.

"யக்கா, நீங்க வந்து பேசிட்டு ஸ்கூட்டர்ல ஏறிப் பூடுவீங்க," என்றான் ஏழுமலை. "காலைல உப்புப் பாத்தில நிக்கப் போறவன் நானு. அந்த ஹோம்ல நேரத்துக்கு சோறு, டாக்டரு எல்லாம் இருக்குதாம். நான் இன்னா அவள கடல்லயா தள்ளப் போறேன்?"

"அஞ்சலை இன்னா சொல்றா?" என்றார் அக்கா.

"அவ இன்னா சொல்லுவா?"

அவன் அதைத் திமிராகச் சொல்லவில்லை. நிஜமாகவே அவனுக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊன்றுகோல் தரையில் தட்டியது.

வயது வந்த ஒருத்தியை அவள் சம்மதம் இல்லாமல் எங்கேயும் கொண்டுபோய் விட முடியாது என்று ஜைத்தூன் அக்கா மேலே மனுப் போட்டார். மாவட்டத்திலிருந்து ஒரு அதிகாரி நேரில் வந்து அஞ்சலையையே கேட்டு முடிவு செய்வார் என்று பதில் வந்தது. காப்பகத்துக்காரர்கள் அன்றைக்கே வேன் அனுப்புகிறோம் என்று ஏழுமலைக்குச் சொல்லிவிட்டார்கள். அதிகாரி சரி என்றால் அங்கிருந்தே அவளை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அவ்வளவு தூரத்தில் விட்டுவிட்டால் கூலி வேலை பார்க்கிற அண்ணன் எத்தனை தடவை போய்ப் பார்ப்பான்? போனால் போனதுதான்.

அதிகாரி வருவதற்கு முன்னால் நாங்கள் அஞ்சலையிடம் கேட்டுவிடலாம் என்று போனோம். முறைப்படி சுகந்தியைக் குழந்தையோடு வெளியே அனுப்பினோம். தரையில் உட்கார்ந்தோம். தப்பான கேள்விகள் கேட்டோம், டாண் டாண் என்று சரியான பதில் வந்தது. பிறகு அக்கா கேட்டார்.

"ஹோமுக்குப் போறியா அஞ்சலை?"

கண்ணை இறுக்க மூடினாள். எனக்கு உள்ளுக்குள் அப்பாடா என்று இருந்தது.

"அப்ப வீட்லயே இருக்கியா?"

அதற்கும் இறுக்க மூடினாள்.

அக்கா மாற்றிக் கேட்டார். வரிசையைத் திருப்பிக் கேட்டார். தண்ணீர் கொடுத்துக் கொஞ்சம் விட்டுக் கேட்டார். இரண்டுக்கும் இல்லைதான். "வேற எங்கயாவது போவணுமா?" என்றதும் கண் மேலே போனது. எங்கே? அத்தை வீடா, இல்லை. சங்கத்திலா, இல்லை. பாண்டிச்சேரியா, ஆரோவில் பக்கமா, இல்லை, இல்லை. எங்களுக்குத் தெரிந்த இடத்தையெல்லாம் சொல்லித் தீர்த்துவிட்டோம். அஞ்சலை உடம்பு முழுக்க முறுக்கிக்கொண்டு என்னவோ நீளமாகச் சொன்னாள். திரும்பச் சொன்னாள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு எழுத்துப் புரியவில்லை. கடைசியில் அவள் அழுதாள். மடையர்களா, இவ்வளவு சொல்கிறேனே என்ற ஆத்திரம்தான் அது.

திரும்பும் வழியில் சாலையோரக் கடையில் டீ குடித்தோம். நான்தான் தாங்க முடியாமல் ஆரம்பித்தேன்.

"ஆபீசர் கேட்டாலும் இவ இப்படித்தானக்கா சொல்லுவா?"

"ஆமா."

"அப்ப?"

"ரெண்டுக்கும் இல்லன்னா, இவளுக்குக் கேள்வியே விளங்கலன்னு எழுதுவாரு. அண்ணன்காரன்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு அனுப்பிச்சிடுவாரு. அவர் மேல தப்பு சொல்ல முடியாது."

"அக்கா, ரெண்டாவது கேள்விக்குக் கண்ண மேல தூக்குடின்னு சொல்லிக் குடுத்துடலாமா? நம்ம அவ நல்லதுக்குத்தான..."

டொக். டீக்கடைக்காரரே திரும்பிப் பார்த்தார்.

"அப்ப ஏழுமலைக்கும் நமக்கும் இன்னா வித்தியாசம்?" என்றார் அக்கா. பிறகு டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே மெதுவாக, "அவ மனசுல ஒண்ணு இருக்குது ஸ்டெல்லா. அது நம்ம வாயில வர மாட்டேங்குது. யா அல்லா, நான் எதக் கேக்காம வுட்டேன்?" என்றார். மீதி டீயைக் குடிக்காமல் அப்படியே வைத்துவிட்டார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

அதிகாரி வந்த அன்றைக்குக் காலையிலேயே வெயில் கொளுத்தியது. பேரூராட்சி சமுதாயக் கூடத்தில் விசாரணையை வைத்திருந்தார்கள். வாசலில் காப்பகத்து வேன் வந்து நின்றுவிட்டது. உள்ளே ஒரு மேஜை, அதற்குப் பின்னால் அதிகாரி. இளவயசுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் அடுத்து எங்கோ போக வேண்டிய அவசரம் முகத்தில் இருந்தது. எதிரே சக்கர நாற்காலியில் அஞ்சலை. புதுப் புடவை கட்டி, தலைசீவி, பூ வைத்து அழைத்து வந்திருந்தார்கள். வேனில் ஏற்றி அனுப்புவதற்கான அலங்காரம் அது. ஏழுமலை ஒரு பக்கம் நின்றான். சுகந்தி கைக்குழந்தையோடு பின்னால் சுவரோரம். ஜைத்தூன் அக்காவும் நானும் இந்தப் பக்கம்.

அதிகாரியிடம் கண்ணசைவுகளை அக்கா முன்கூட்டியே விளக்கியிருந்தார். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, முறை தெரிந்தவர்போல நிதானமாகவே கேட்டார்.

"காப்பகத்துக்குப் போறீங்களாம்மா?"

கண்ணை மூடினாள்.

"அப்ப வீட்லயே இருக்கீங்களா?"

மூடினாள்.

அதிகாரி இன்னொரு தடவை கேட்டார். அதே பதில். பேனா மூடியைத் திருகிக்கொண்டு ஜைத்தூன் அக்காவைப் பார்த்தார். "என்ன மேடம் இது?"

"அதான் நான் அப்பவே சொன்னனே சார்," என்றான் ஏழுமலை. "அவளுக்கு இன்னா சார் தெரியும்? பாவம் அது."

எழுந்து கத்திவிடலாம் என்று வாயைத் திறந்தும்விட்டேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார், பார்வை மட்டும் அஞ்சலையை விட்டு நகரவில்லை. வெளியே வேன் டிரைவர் கதவைத் திறந்து வைக்கிற சத்தம் கேட்டது. அஞ்சலைக்கும் கேட்டிருக்க வேண்டும். அவள் கழுத்து நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். நீளமாக, விட்டு விட்டு, எச்சில் வழிய வழியப் பேசினாள். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அதிகாரி தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது பின்னாலிருந்து சுகந்தி பதறிப்போய், "அடியே, அதெல்லாம் இங்க சொல்லாதடி!" என்றாள்.

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கே உறைத்தது. கூடத்தில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

"என்ன சொன்னாங்க அவங்க?" என்றார் அதிகாரி.

"ஒண்ணுமில்ல சார்."

அஞ்சலை கண்ணை இறுக்க மூடினாள். இல்லையாம்!

"அவ கெடக்கறா சார்," என்று குறுக்கே வந்தான் ஏழுமலை. "வேல முடிஞ்சு வந்தா இவளுங்க ரெண்டு பேரும் வீட்ல இப்படித்தான் சும்மா பேசிக்கினு இருப்பாளுங்க."

"பேசிக்கினு இருப்பாளுங்களா?" என்றார் ஜைத்தூன் அக்கா.

அக்கா ஊன்றுகோலை ஊன்றி எழுந்து நின்றார். அவர் எழுந்து நின்று பேசினது அபூர்வம்.

"சார், வீட்டு ஆளுங்க சொல்றத எங்க சங்கத்துல ஏத்துக்கறது இல்ல. அது நான் வெச்ச வழக்கம்தான். இன்னிக்கு அத நானே வுட்டுக் குடுக்கறேன். ஆனா இந்தப் பொண்ணுக்கு நெஜமா புரியுதான்னு முதல்ல நீங்க சோதிச்சுக்கணும்."

என்ன சோதனை என்பதையும் அவரே சொன்னார். சுகந்தியை நான் வெளியே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். வேனுக்குப் பக்கத்தில் நின்றோம். சுகந்தியின் முகம் வெளிறிக் கிடந்தது. குழந்தை அவள் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது, அவளுக்கு அது தெரிந்ததாகவே இல்லை. அஞ்சலையை அனுப்பிவிட்டால் முதலில் நிம்மதியாகப் போகிறவள் இவள்தானே, இவளை நம்பியா அக்கா இறங்கிவிட்டார் என்று எனக்கு ஆத்திரம்.

உள்ளே கூப்பிட்டார்கள். நாங்கள் இல்லாதபோது அதிகாரி அஞ்சலையின் காதில் ரகசியமாக ஏதோ சொல்லியிருக்கிறார். அக்காவுக்குக்கூட அது தெரியாது. "அதச் சொல்லுங்கம்மா," என்றார். அஞ்சலை சொன்னாள். எனக்கு ஒரு முனகல் மாதிரிதான் கேட்டது.

"சரோஜாவா?" என்றாள் சுகந்தி.

அஞ்சலையின் கண் மேலே போனது.

"சரோஜான்னு சொல்றா. யாரு சார் அது?"

"எங்க அம்மா," என்றார் அதிகாரி. பேனாவை மேஜையில் வைத்தார். அதற்குப் பிறகு அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.

ஜைத்தூன் அக்கா சுகந்தியிடம், "அவ சொல்றத மட்டும் சொல்லுமா. கூட்டாத, குறைக்காத. ஒவ்வொண்ணுக்கும் சார் அவளக் கேட்டுக்குவாரு," என்றார். சுகந்தி புருஷனைப் பார்த்தாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

"உங்களுக்கு என்னம்மா வேணும்?" என்று அஞ்சலையைக் கேட்டார் அதிகாரி. அந்த வீட்டில் உட்கார்ந்து எத்தனையோ கேள்வி கேட்டோம் நாங்கள். ஆமாம் இல்லை என்று பதில் வருகிற கேள்வியாகவே கேட்டிருக்கிறோம். இந்த ஒரு கேள்வியை எங்கள் முறையில் கேட்கவே முடியாது.

அஞ்சலை சொல்லச் சொல்ல, சுகந்தி துண்டு துண்டாகச் சொன்னாள்.

"ஹோமுக்குப் போவ மாட்டேன்றா."

கண் மேலே போனது.

"வீட்லயும் இருக்க மாட்டேன்றா. வெளிய பூட்டிட்டுப் போறாங்க, பொழுது சாயற வரைக்கும் கூரையப் பாத்துக்கினே கெடக்கறேன், ஒரு மனுஷ சத்தம் இல்லன்றா. ஒரு நாள் அடுப்புல நெருப்பு மிச்சம் இருந்துச்சாம், பொகை வந்துச்சாம். கத்தினாளாம். யாரும் வரலயாம்." சுகந்தி அதிகாரி பக்கம் திரும்பினாள். "இத எங்கிட்ட சொன்னதே இல்ல சார் அவ."

கண் மேலே போனது. ஏழுமலை தலையைத் தொங்கப்போட்டுவிட்டான்.

அஞ்சலை நிறுத்தவில்லை. அடுத்ததைச் சொன்னாள். சுகந்தி வாயைத் திறக்கவில்லை. அஞ்சலை மறுபடியும் அதையே சொன்னாள், அவளையே பார்த்துக்கொண்டு. சுகந்தி குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள்.

"சொல்லும்மா," என்றார் அதிகாரி.

"அண்ணி என்னிய அடிச்சான்னு சொல்றா சார்."

என் பக்கத்தில் ஜைத்தூன் அக்கா மூச்சை இழுத்தார்.

"சோறு ஊட்டறப்ப அடிச்சா. முழுங்க முடியாம துப்பினதுக்கு வாய் மேலயே அடிச்சா. அப்பறம் அவளும் அழுதா. அடிச்சது அடிச்சதுதான்றா."

அஞ்சலையின் கண் மேலே போய், அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது.

"ஏய்!" என்று பாய்ந்தான் ஏழுமலை. யார் மேல் பாய்ந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. அதிகாரி கையை உயர்த்தி அவனை நிறுத்தினார். என் கை பரபரத்தது. அந்தப் பெண்ணை நாலு அறை விடலாம் என்று ஒரு மனசு, காலில் விழலாம் என்று ஒரு மனசு. சுகந்தி அசையாமல் நின்று அஞ்சலையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பறம்?" என்றார் அதிகாரி.

"உப்பளத்துக்குக் கூட்டிக்கினு போவணுமாம் சார். எங்க கூடயே. அங்க கொட்டாய் இருக்குது, டீ குடிக்கற எடம், புள்ளைங்களல்லாம் படுக்க வெச்சிருப்போம். அதுல உக்கார வெச்சா போதுமாம். பொம்பளைங்க பேசறதக் கேட்டுக்கினு இருப்பாளாம். எங்கொழந்தைக்கு அழுகை வந்தா ஒரு சத்தம் குடுப்பேன்றா."

கண் மேலே போனது.

உப்பளம்! எங்கள் வாயில் வரவே வராத இடம். அந்தக் கொளுத்துகிற வெள்ளைக் காட்டுக்கு, கால் வெடிக்கிற கூலி வேலைக்கு, யாராவது ஆசைப்பட்டுப் போவார்களா என்று எங்களுக்கு நினைப்பு. அவளுக்கு அங்கே ஆட்கள் இருந்தார்கள், பேச்சு இருந்தது. அக்கா அஞ்சலையிடம் போய், "நான் கேக்காம வுட்டுட்டேம்மா," என்றார். அஞ்சலை என்னவோ சொன்னாள். "பரவால்லன்றா," என்றாள் சுகந்தி.

அதிகாரி சம்மதம் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வேன் காலியாகத் திரும்பிப் போனது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

பிறகு நடந்தது சுலபமாக நடக்கவில்லை. உப்பளத்துக்காரர் முதலில் மறுத்தார். ஜைத்தூன் அக்கா போய்க் கொட்டாயிலேயே உட்கார்ந்துவிட்டார், அவரை யாரால் எழுப்ப முடியும்? வரப்பில் சக்கர நாற்காலி போகாது. ஏழுமலை தங்கச்சியை முதுகில் சுமந்துகொண்டு போனான், முறைத்துக்கொண்டேதான் போனான், ஆனால் போனான். பிறகு சங்கத்தில் அகலச் சக்கரம் வைத்து ஒரு வண்டி செய்து கொடுத்தோம். அடித்த விஷயத்தையும் அக்கா விட்டுவிடவில்லை. விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு எப்படி உட்காரவைத்து, எவ்வளவு சிறிய வாயாக ஊட்டுவது என்று பழகின தாய்மார்களை அந்த வீட்டுக்கு அனுப்பினார். வீட்டு ஆட்கள் பேச்சை ஏற்கக்கூடாது என்ற வழக்கத்தையும் மாற்றினார். சோதித்துவிட்டு ஏற்கலாம் என்று ஆக்கினார்.

நிஷா என்னைக் கேட்டது, எப்படிச் சமாளித்தீர்கள் என்றுதான். நாங்கள் எங்கே சமாளித்தோம்? அன்றைக்குச் சமாளித்தவள் சுகந்தி. அதனால் அவள் சொன்னதையும் எழுதிவிட்டு முடிக்கிறேன்.

அதிகாரி கிளம்பின பிறகு ஏழுமலை வெளியே போய் பீடி பற்றவைத்துக்கொண்டு தனியாக நின்றான். சுகந்தி அஞ்சலையின் வாயோரத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போனேன். யாரும் என்னைப் பேசச் சொல்லவில்லை, ஆனாலும் கேட்டேன்.

"ஏம்மா, நீ அடிச்சதா அவ சொன்னப்ப, 'இது எனக்குப் புரியல சார்'னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா யாரு உன்னக் கேட்டிருக்கப் போறா? உம் புருஷன் எதிர்ல, ஆபீசர் எதிர்ல, ஏன்மா நீயே அதச் சொன்ன?"

சுகந்தி என்னை ஒரு மாதிரி பார்த்தாள், இதுகூடவா தெரியாது என்பதுபோல.

"புரியலன்னு சொல்லியிருந்தா அவ இனிமே எங்கிட்ட பேசவே மாட்டாக்கா," என்றாள். "அப்பறம் அந்த வூட்ல நான் யாருகிட்ட பேசறது?"